முகவரி இல்லாத குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் நடைபாதையிலும் பாலத்தடியிலும் ரயில் நிலைய ஓரத்திலும் மாநகராட்சிக் காப்பகத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உடன் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. பெற்றோர் தாங்களே போவதாக இருந்தாலும் இதே வரிசைதான்.

புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ஆதார், பிறகு பிறப்புச் சான்று, பிறகு சாதிச் சான்று, எல்லாம் கைக்கு வந்ததும் பள்ளி என்று திட்டம் போடுகிறார்கள். ஜூனில் தொடங்கிய அலைச்சல் அக்டோபர் வரை இழுக்கும். அதற்குள் குடும்பம் வேறு தெருவுக்குப் போயிருக்கும், பிள்ளை ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும். சட்டம் வைத்திருக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டும், காகிதம் பின்னால் வரலாம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. கிளம்பும் முன் படித்துக்கொள்ள வேண்டிய பிரிவுகள்

கையில் இருக்க வேண்டியது ஒரே சட்டம்: குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை இதில் (பிரிவு 3) இருக்கிறது. முழுச் சட்டத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழ்க்கண்ட பிரிவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

பிரிவு 15: சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது. டிசம்பரில் போனாலும், பிப்ரவரியில் போனாலும் சேர்க்க வேண்டும்.

பிரிவு 4: பள்ளிக்கே போகாத பிள்ளையையும், பாதியில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சமமாக வர சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு நடுவில் 14 வயது கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை உரிமை தொடரும்.

பிரிவு 5: முன்பு படித்த பள்ளியிலிருந்து டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.

பிரிவு 9: தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துக் குழந்தைகளின் சேர்க்கையை உறுதி செய்வதும் உள்ளாட்சியின் கடமை. நாம் போய் நிற்பது சலுகை கேட்டு அல்ல என்பதற்கு இந்தப் பிரிவே ஆதாரம்.

ஆதார் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டு முகவரிச் சான்றைப் பொறுத்தவரை, அது இருந்தால்தான் சேர்க்கை என்று கல்வி உரிமைச் சட்டத்தில் எங்குமே இல்லை.

2. முதலில் குடும்பத்தோடு பேசுங்கள்

பள்ளிக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளை இதற்காக ஒதுக்குங்கள். பகலில் போனால் அம்மா வேலைக்குப் போயிருப்பார். இரவு சமையல் முடிந்து பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் போனால் நிதானமாகப் பேச முடியும்.

பெரும்பாலான அம்மாக்களுக்கு மனத்துக்குள் ஒரு பயம் இருக்கும்: "பேர் எழுதிக்கிட்டுப் போய் புள்ளைய ஹோம்ல போட்டுருவீங்களா?" இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வீடோ நிலையான தங்குமிடமோ பிழைக்க வழியோ இல்லாமல் காணப்படும் குழந்தையை, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றுதான் இளைஞர் நீதிச் சட்டம், 2015 வகைப்படுத்துகிறது. ஆனால் குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்பதையும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் வைத்திருக்கிறது. பள்ளியில் சேர்ப்பதால் பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள் என்பதை இந்த விவரத்தோடு சொல்லுங்கள். செல்போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ஒரே ஒரு படம் எடுத்ததால், மறுநாள் இடத்தையே காலி செய்துவிட்டுப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சினூடே தெரிந்துகொள்ள வேண்டியவை: இரவில் எங்கே படுக்கிறார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறார்கள், ஊர்த் திருவிழாவுக்கோ அறுவடைக்கோ எந்த மாதம் கிளம்புவார்கள், பிள்ளை முன்பு எங்காவது படித்ததா, கைக்குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒன்பது வயதுப் பெண் பள்ளிக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் அவள் இடுப்பில் இருக்கும் தம்பிதான். தம்பிக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் அவனை முதலில் அங்கன்வாடியில் சேருங்கள். அவனுக்குச் சத்துணவு கிடைக்கும், அக்காவுக்குக் கை விடுதலையாகும். அக்காவை மட்டும் பள்ளியில் சேர்த்தால் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவாள்.

பிள்ளையிடமும் கேளுங்கள். முன்பு படித்த பள்ளியில் அடி வாங்கியிருக்கலாம், நாற்றம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது தெரியாமல் அதே பள்ளிக்கே திரும்ப அழைத்துப் போவது தவறு.

பெற்றோரோ உறவினரோ யாருமில்லாமல் தனியாக இருக்கும் குழந்தை என்றால் பாதை வேறு. நீங்களே காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டுப் பள்ளியில் சேர்க்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். அந்தக் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பள்ளி, தங்குமிடம் இரண்டையும் பற்றிய முடிவு அங்கேதான் எடுக்கப்படும்.

3. எந்தப் பள்ளி?

படுக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளியா, அம்மா வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளியா என்பதை அம்மாவிடமே விடுங்கள். பூ கட்டுகிற, மார்க்கெட்டில் கூலி வேலை பார்க்கிற அம்மாக்கள் பலர் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக்கூடிய இடம் எது என்பதுதான் கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் அருகமைப் பள்ளி என்பதற்கு ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கின்றன. பள்ளி எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்வதுதான் அந்த அளவு, பிள்ளையைத் தடுக்கும் வேலி அல்ல.

அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்து போவதாக இருந்தால், தொடக்கப் பள்ளியைவிட எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப் பள்ளி நல்லது. பெரிய பிள்ளை சின்னதைக் கூட்டிப் போய்க் கூட்டி வரும். ஐந்தாம் வகுப்போடு இன்னொரு சேர்க்கைக்கு அலைய வேண்டியிருக்காது. அந்த இடைவெளியில்தான் நிறைய பேர் நின்றுபோகிறார்கள்.

தெலுங்கோ உருதுவோ பேசும் குடும்பம் என்றால் அந்த வழியில் பாடம் நடத்தும் பள்ளி பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள். சென்னையில் அப்படிப்பட்ட மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு. தனியார் பள்ளியின் 25 சதவீத இடம் பற்றிச் சிலர் ஆசை காட்டுவார்கள். அது நுழைவு வகுப்புக்கு மட்டும் உரியது, இணையத்தில் சான்றுகளைப் பதிவேற்றியாக வேண்டும். காகிதமே இல்லாத குடும்பத்துக்கு இப்போதைக்கு அது வழியாகாது.

4. எடுத்துப்போக வேண்டிய காகிதங்கள்

இரண்டே இரண்டு போதும். ஒன்று, பெற்றோரின் வயது உறுதிமொழி. இன்னொன்று, சேர்க்கைக்கான விண்ணப்பக் கடிதம்.

பிறப்புச் சான்று இல்லாதபோது எவற்றை வயதுக்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன: மருத்துவமனை அல்லது கிராம செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, பெற்றோர் அல்லது காப்பாளரின் உறுதிமொழி. மூன்றாவது எல்லோராலும் முடியும். நோட்டரியோ முத்திரைத்தாளோ வேண்டியதில்லை, வெள்ளைத் தாளே போதும். தேதி தெரியாத அம்மாவிடம் "எந்தப் புயல் அப்போ?", "பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா?", "பெரியவன் நடக்க ஆரம்பிச்சிருந்தானா?" என்று கேட்டால் மாதம் வரை கிடைத்துவிடும். தடுப்பூசி அட்டை இருந்தால் இன்னும் நல்லது.

கடிதம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"என் மகள் (பெயர்), வயது (…), (தெருவின் பெயர்) நடைபாதையில் (அடையாளம்) எதிரில் எங்களோடு வசிக்கிறாள். அவளைத் தங்கள் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவுகள் 3, 4, 14, 15இன்படி கேட்டுக்கொள்கிறேன். பிறப்புச் சான்று தற்போது கைவசம் இல்லை. வயது உறுதிமொழி இணைத்துள்ளேன். மற்றச் சான்றுகளைக் கிடைத்ததும் ஒப்படைப்பேன்."

கீழே தேதி, அம்மாவின் கையெழுத்து அல்லது கைநாட்டு. இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் பள்ளி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அது வேண்டாமலே போகலாம், ஆனால் ஆறாவது படிக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு தாள்தான் பேசும். காப்பகத்தில் தங்கியிருப்பவர்கள் காப்பகப் பொறுப்பாளரின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

5. பள்ளிக்குப் போகும் நாள்

காலை பிரார்த்தனை முடிந்து முதல் பாடவேளை தொடங்கிய பிறகு போங்கள். பிரார்த்தனை நேரத்தில் தலைமை ஆசிரியருக்குப் பதில் சொல்லக்கூட நேரமிருக்காது, மதிய உணவு நேரமும் அப்படித்தான். அம்மா, பிள்ளை, நீங்கள், மூன்று பேர் போதும். நாலைந்து தன்னார்வலர்கள் கூட்டமாகப் போய் நின்றால் அது சேர்க்கையாகத் தெரியாது, போராட்டமாகத்தான் தெரியும்.

அம்மாவைப் பேசவிடுங்கள். நீங்கள் பேசினால் தலைமை ஆசிரியர் நீங்கள்தான் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் பிள்ளை வராவிட்டால் உங்களுக்குத்தான் போன் வரும், அம்மாவிடம் யாரும் பேச மாட்டார்கள். அம்மா திணறும் இடத்தில் மட்டும் வாய் திறங்கள்.

"அட்ரஸ் என்னம்மா?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். தெருப் பெயர், எந்தக் கடைக்கு எதிரில், எந்தப் பாலத்துக்குக் கீழே. படிவத்தில் முகவரிக் கட்டத்தில் அதையே எழுதலாம்.

கடன் முகவரி கொடுப்பதைப் பலர் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். தெரிந்தவர் வீட்டு எண், கடைக்காரர் முகவரி, தன்னார்வலரின் சொந்த முகவரி. தயவுசெய்து வேண்டாம். பிள்ளை வராத நாளில் தேடி வரும் ஆசிரியர் அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடுவார். பின்னால் சாதிச் சான்றுக்கோ ஆதாருக்கோ போகும்போது பள்ளிப் பதிவில் ஒரு முகவரி, விண்ணப்பத்தில் வேறு முகவரி என்று நிராகரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளை வீடுள்ள பிள்ளையாகக் கணக்கில் ஏறிவிடும். அந்தத் தெருவில் எத்தனை வீடற்ற பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது யாருக்குமே தெரியாமல் போகும்.

அன்றைக்கே பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கக் கேளுங்கள். "திங்கட்கிழமை வாங்க" என்றால், "இன்னைக்கு ஒரு மணி நேரம் உட்காரட்டும் சார், பயம் தெளியும்" என்று கேட்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. திங்கட்கிழமைக்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடும்.

6. மறுத்தால்

முதலில், சத்தம் போடாதீர்கள். இந்தத் தலைமை ஆசிரியரிடம்தான் பிள்ளை பல வருடம் படிக்கப் போகிறது. பல நேரங்களில் அவர் மறுப்பது சட்டம் தெரியாததால்தான், அல்லது எமிஸ் என்ற, மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் ஒரு கட்டம் நிரம்பாவிட்டால் மேலே கேள்வி வருமே என்ற கவலையால். பிரிவு எழுதிய தாளை நீட்டி, "இதுல இப்படி இருக்கே சார், நீங்களே பாருங்க" என்று கேட்டால் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் முடியாவிட்டால், மறுப்புக்கான காரணத்தைக் கடிதத்தின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரக் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை மேலே யாரிடமும் நிரூபிக்க முடியாது. எழுதித் தரச் சொன்னதும் மனம் மாறுகிறவர்களும் உண்டு.

அடுத்த இடம் வட்டார வள மையம். அங்கே இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களின் வேலைகளில் ஒன்றே பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுத்துச் சேர்ப்பதுதான். அவர்கள் ஒரு போன் செய்தால் போதும். அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இந்தப் படிகளைத் தாண்டி நேரே மாவட்ட ஆட்சியரிடம் போனால் மனு சுற்றிச் சுற்றி மறுபடி வட்டார அலுவலர் மேசைக்கே வரும், நாள்தான் போகும்.

எழுத்துப்பூர்வமான புகாரைச் சட்டத்தின் பிரிவு 32இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் என்பது பிள்ளைக்கு ஒரு பருவம். ஆகவே புகார் ஒரு பக்கம் ஓடட்டும், பிள்ளையைப் பக்கத்தில் உள்ள இன்னொரு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

7. எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

பத்து வயது, ஒரு எழுத்தும் தெரியாது. "ஒண்ணாவதுல போடுங்க" என்று அம்மாவே கேட்பார். அப்படிப் போடக் கூடாது. ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் பத்து வயதுப் பையன் உட்கார்ந்தால் முதல் நாளே கூனிக் குறுகிப்போவான், அடுத்த வாரம் வர மாட்டான். சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்று சொல்வதன் காரணம் இந்த வெட்கம்தான். பத்து வயதுப் பிள்ளையின் இடம் ஐந்தாம் வகுப்பு.

எழுத்து தெரியாத இடைவெளியை நிரப்பச் சிறப்புப் பயிற்சி இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் என்று மாதிரி விதிகளில் உள்ளது. பயிற்சி பள்ளிக்குள்ளேயும் நடக்கலாம், தனி மையத்திலும் நடக்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம்தான் இதை ஏற்பாடு செய்கிறது. பெயரை ஐந்தாம் வகுப்பில் பதிந்துவிட்டு, பயிற்சி எங்கே, எப்போது, யார் தருவார் என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் பிள்ளை பின் பெஞ்சில் மௌனமாக ஒரு வருடத்தைக் கழித்துவிடும்.

வயதைக் குறைத்துச் சொல்லிச் சின்ன வகுப்பில் சேர்ப்பதும் தவறு. அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். பிறகு பிறப்புச் சான்று கிடைத்து, அதில் வேறு தேதி இருந்தால் திருத்துவது பெரும்பாடு.

தங்கிப் படிக்கும் வழியும் உண்டு. பெண் குழந்தைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகள், நகரத்து வீடற்ற பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் உண்டு உறைவிடப் பள்ளிகள். வளர்ந்த பெண்ணை இரவில் நடைபாதையில் படுக்க வைக்கப் பயப்படும் அம்மாவுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் குடும்பம் தானாக விரும்பினால் மட்டும். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், வார்டனிடம் பேசட்டும், பிறகு முடிவெடுக்கட்டும்.

8. சேர்ந்த முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

எமிஸ் எண் போடப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்து எமிஸில் இல்லாவிட்டால், அரசின் கணக்கில் பிள்ளை பள்ளியில் இல்லை. முன்பு வேறு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பழைய எண் இருக்கும். பழைய பள்ளி விடுவித்ததும் புதிய பள்ளி அதே எண்ணை எடுத்துக்கொள்ளும். புதிதாக இன்னொரு எண் போட்டால் பின்னால் குழப்பம்.

சத்துணவுப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். இலவசச் சீருடை சத்துணவில் பதிந்த, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. இது தெரியாமல், "எங்க புள்ளைக்கு மட்டும் டிரஸ் வரல" என்று வருந்தும் அம்மாக்களைப் பார்க்கிறேன். தொடக்க வகுப்புகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உண்டு. அடுப்பு மூட்ட இடமில்லாத குடும்பத்துக்கு அந்தக் காலைச் சாப்பாடு எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு நேரத்தோடு போக வேண்டும் என்பதை மட்டும் அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

பாடநூல், நோட்டு, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் வருபவை. நடுவில் சேரும் பிள்ளைக்குப் பள்ளியில் கையிருப்பு இல்லாமல் போகலாம். அப்போது தலைமை ஆசிரியர் பக்கத்துப் பள்ளியிலோ வட்டார அலுவலகத்திலோ கேட்டு வாங்க முடியும். கேட்க வைப்பது நம் வேலை.

9. இப்போது காகிதங்கள்

பிள்ளை வகுப்பில் இருக்கிறது. இனி அவசரமில்லாமல், ஆனால் நிறுத்தாமல் சேர்க்கலாம். வரிசை: பிறப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று. ஒன்றைக் கொண்டுதான் அடுத்தது என்பதால் இந்த வரிசை.

அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் பிறப்பு ஏற்கெனவே பதிவாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அம்மா வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு, மாதம் என்று தெரிந்தால் அந்த ஊரின் உள்ளாட்சிப் பதிவில் தேடலாம். இப்போது வசிக்கும் ஊரில் தேடுவது வீண், பிறந்த ஊரில்தான் பதிவு இருக்கும். பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால் 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்கலாம். பதிவே ஆகாமல் ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவைப்படும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.

அம்மாவின் மடியில் இருக்கும் கைக்குழந்தையை மறக்காதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கல்வி நிலையச் சேர்க்கை உட்படப் பலவற்றிலும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழையே சான்றாகக் கொள்வார்கள். மூத்தவளுக்காக அலைந்த அலைச்சல் சின்னவனுக்கு வேண்டாம். இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆதாருக்கு முகவரிச் சான்று இல்லையென்றால், சட்டமன்ற உறுப்பினர், மாமன்ற உறுப்பினர் போன்றோர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றை ஏற்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளரும் தரலாம். ஐந்து வயதுக்கு முன் ஆதார் எடுத்த பிள்ளைக்கு ஐந்து வயதானதும் கைரேகை பதிய வேண்டும், பதினைந்து வயதில் மறுபடி ஒருமுறை.

சாதிச் சான்று சேர்க்கைக்குத் தேவையே இல்லை, கல்வி உதவித்தொகைக்குத்தான். அதனால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கிடைத்த ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று இடத்தில் வையுங்கள்: அம்மாவிடம் பிளாஸ்டிக் உறையில் ஒன்று, பள்ளிக் கோப்பில் நகல் ஒன்று, உங்கள் போனில் படம் ஒன்று. ஒரு மழை, அல்லது நடைபாதையைக் காலி செய்ய வரும் ஒரு லாரி போதும், மூட்டையோடு எல்லாம் போய்விடும்.

10. நிற்காமல் பார்த்துக்கொள்வது

சேர்க்கை ஒரு நாள் வேலை. உண்மையான உழைப்பு அடுத்த சில வாரங்களில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் தண்ணீர். காலையில் குளிக்க இடமில்லாத பிள்ளை அழுக்காகத்தான் வரும். பள்ளிக் குழாயில் முகம் கை கால் கழுவ, ஒரு ஜோடி சீருடையைப் பள்ளியிலேயே வைத்து மாற்றிக்கொள்ள வகுப்பாசிரியர் அனுமதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதை எல்லோர் முன்னாலும் பேசாமல் ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். வீட்டுப்பாடம் எழுத இடமில்லை, பையை வைக்க இடமில்லை, இரவில் போலீஸ் எழுப்பிவிட்டால் தூக்கமும் இல்லை. "ஏன் எழுதல?" என்று அடிப்பதற்கு முன் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். புத்தகப் பையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போகலாமா, மாலையில் அரை மணி நேரம் அங்கேயே எழுதிவிட்டுப் போகலாமா என்று கேட்டால் சம்மதிக்கிறார்கள். பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெயர் சொல்லாமல் "பிளாட்பாரம்" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதும் என் பார்வையில் அதில் அடக்கம்தான்.

அம்மாவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒருமுறை போய் உட்கார்ந்த அம்மா அடுத்த முறை உங்களைக் கூப்பிடாமலே போய்விடுவார்.

11. குடும்பம் இடம் மாறினால்

மாறும், கட்டாயம் மாறும். சென்னையின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ குடியமர்த்தப்படும் குடும்பங்களில், கல்வியாண்டின் நடுவில் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லும்படி அம்மாவிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தேர்வுக்கு ஓரிரு மாதமே இருந்தால், முடிந்தால் பழைய பள்ளியிலேயே முடிக்கட்டும். மாணவர் பேருந்துப் பயண அட்டையைப் பயன்படுத்தலாம். அது முடியாதென்றால் டி.சி. கேளுங்கள். தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும், தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்று பிரிவு 5 சொல்கிறது. டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லியிருக்கிறது. டி.சி. இல்லாமலே கிளம்பிவிட்டாலும் எமிஸ் எண் தெரிந்தால் போதும், புதிய பள்ளியில் சேர்க்கை சுலபமாகும். அந்த எண்ணைப் பிள்ளைக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள். எல்லாம் தொலைந்தாலும் அது தொலையாது.

12. பதினான்கைத் தாண்டிய பிள்ளை

எட்டாம் வகுப்புக்குள் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தால் பிரிவு 4 காப்பாற்றும் என்று பார்த்தோம். எட்டு முடித்தவர்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தொடரலாம். பள்ளிக்கே திரும்ப விருப்பமில்லாத பெரிய பிள்ளைகளுக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும், பிறகு பத்தாம் வகுப்புத் தனித்தேர்வும் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே எழுத நினைப்பவர்களுக்கு மாலையில் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டுத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்துவிட்டு ஆள் தேடினால் தேர்வு நாள் முந்திக்கொள்ளும்.